இரண்டாவது வார்ப்பு

அந்தச் சிரிப்பை வாயாடி சிரிக்கவில்லை. அது தானாக வந்தது.

ஒரு வங்கியின் மாடியில், ஊழியர்களுக்காக ஏற்பாடு செய்திருந்த கூட்டம் அது. மதியச் சாப்பாடு முடிந்த நேரமாதலால் பாதிப் பேருக்குக் கண் சொக்கிக்கொண்டிருந்தது. மீதிப் பேர் மேசைக்கடியில் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மைக்கைப் பிடித்து நின்று பேச, வாயாடி பக்கத்து நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். சிரிக்கும்படியாக யாரும் எதையும் சொல்லிவிடவில்லை. அந்த நேரத்தில் அவளுடைய இடது கன்னம் மெல்ல மேலே ஏறியது. கூடவே வலதும் ஏறியது. உதட்டின் இரண்டு முனைகளும் ஒரே அளவாக விரிந்து, அழகான முழுச் சிரிப்பாக நின்றன. அவள் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்கு அடியில் அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு சிரிப்புக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். வாயாடிக்கு அது பிறந்தபோது வந்த முகம் அல்ல. ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். அவள் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசரே அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஒருநாள் கொதிகலனின் மூடி தெறித்தது. அடித்த நீராவியில் மூக்கு, உதடு, கன்னம், தாடைச் சதை எல்லாம் போயின. கண் தப்பியது அதிர்ஷ்டம் என்றார்கள். இரண்டு வருடம் குழாய் வழியாகச் சாப்பிட்டாள். ஊரையே பேசி விற்கக்கூடியவள் பலகையில் எழுதிக் காட்டிப் பேசினாள்.

பிறகுதான், மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் குடும்பம் மனது வைத்ததால், கண்ணுக்குக் கீழே இந்த முகம் வந்தது. தோலும் சதையும் அந்தப் பெண்ணுடையவை. உள்ளே எலும்பு இவளுடையது. யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள், அது விதி. நரம்பு மெல்ல மெல்லப் பிடித்து, புதுச் சதை இவள் பேச்சைக் கேட்க மாதக்கணக்காயிற்று. காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று 'ஈ', 'ஊ' என்று பயிற்சி செய்தும், இன்றைக்கும் சிரித்தால் இடது பக்கம் முதலில் வரும். வலது பக்கம் கடன்காரன் வீட்டு வாசலுக்குப் போவதுபோலத் தயங்கித் தயங்கி வந்து சேரும். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை.

டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. கையையும் முகத்தையும்கூடத் தானம் தரலாம் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஆள். அசட்டுக் கேள்வி கேட்டால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வையால் அமைந்த பெயர். அன்றைக்கு வங்கியின் காசாளர் எழுந்து, எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"கண்ணு குடுக்கலாம், கிட்னி குடுக்கலாம். உள்ள இருக்கிறது, வெளிய தெரியாது. முகத்தையே குடுத்துட்டா எங்க ஆளை நாங்க எப்படிங்க கடைசியாப் பாக்குறது?"

"நல்ல கேள்வி" என்றார் டீச்சர். "யாரையும் நாங்க முகமில்லாம வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். முகத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே அச்சு எடுத்து, சிலிகான்ல அச்சு அசலா ஒண்ணு செஞ்சு, அதைப் பொருத்தித்தான் அனுப்புவோம். கையும் அப்படித்தான். நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பாருங்க."

பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியை விலக்கி, மாதிரி முகத்தை எடுத்து முன்வரிசையில் கொடுத்தார். கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடையில் முடியும் ஒரு பெண்ணின் முகம். தோலின் துளைகள்கூடத் தெரியும். "தொட்டுப் பாருங்க, கடிக்காது" என்று டீச்சர் எப்போதும் சொல்லும் ஜோக்கைச் சொல்ல, எப்போதும் போல நாலு பேர் சிரிக்க, அது கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாகப் போகும். வாயாடி அதை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. முகமில்லாமல் இரண்டு வருடம் இருந்தவளுக்கு, ஆளில்லாத முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. அன்றைக்குத்தான் சிரித்த வாயைப் பொத்திக்கொண்டே அது எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

அது மூன்றாம் வரிசையில் நின்றுபோயிருந்தது. சாம்பல் நிற உடுப்பு, நீல மாஸ்க், கலையாத தலைமுடி. அந்தப் பெண் அதை அடுத்தவருக்குத் தரவில்லை. மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மாஸ்க்குக்கு மேலே இருந்த இரண்டு கண்களும் வாயாடியையே பார்த்தன.

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே டீச்சர் சொன்னார்: "இன்னைக்கு நீ வாயைப் பொத்திக்கிறதுக்கு முன்னாடி சிரிச்சியே, அடேயப்பா! நாலு பேர் அதைப் பாத்தே சம்மதிச்சிட்டாங்க. எனக்குத் தெரியாம வீட்ல பயிற்சி பண்றியா?"

"டீச்சர், மூணாவது வரிசைல மாஸ்க் போட்டிருந்தாங்களே, அது யாரு?"

"எந்தம்மா? வர்ற கூட்டத்தை எல்லாம் நான் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

சொல்லும்போது அவர் ரோட்டைப் பார்த்த பார்வை சற்றுக் கூடுதலாக நேராக இருந்ததாக வாயாடிக்குப் பட்டது. சந்தேகம் செருப்புக்குள் போன கல் மாதிரி. நடக்கலாம், ஆனால் அதை மறந்து நடக்க முடியாது. முகம் கொடுத்த வீட்டுக்காரர்களை டீச்சர் திருட்டுத்தனமாகக் கூட்டிவந்து இவளைக் காட்டுகிறாரோ? விதி அது இது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு?

வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள். பேருந்து ஓட்டுபவன்; எதையும் நிதானமாகவே எடுத்துக்கொள்வான். "சிரிப்பு நல்லா வந்தா நல்லதுதானே? இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?" என்றான். அவனுக்கு எப்படிப் புரியும்? மகள் குட்டி பிறந்து தவழத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் கொதிகலன் வெடித்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், கட்டுப் பிரித்த அம்மாவைப் பார்த்த போதெல்லாம் அந்தக் குழந்தை மூச்சு நின்றுவிடும் அளவுக்கு வீறிட்டு அழுதது. எதிர்வீட்டு அக்காவிடம்தான் வளர்ந்தது. இந்த முகம் வந்து, வீக்கம் வடிந்த பிறகுதான் ஒருநாள் தயங்கிக்கொண்டே மடியில் ஏறி, கன்னத்தைத் தொட்டு, 'அம்மா' என்றது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாயாடி, உடம்பு இந்த முகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க, காலையிலும் மாலையிலும் கைநிறைய மாத்திரை விழுங்குகிறாள். முகம் கெட்டுப்போனால் வலிக்கும், மறுபடி ஆஸ்பத்திரி, அதெல்லாம் இருக்கட்டும். குட்டி மறுபடி அழுவாள். அதை அவளால் தாங்க முடியாது.

அடுத்த கூட்டம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில். மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்று, ஜன்னல் வழியாகச் சூடான காற்று வந்து, ஜனங்களின் வியர்வையும் பவுடரும் பழைய தரைவிரிப்பின் புழுக்க நாற்றமுமாக அந்தக் கூடமே ஒரு மூடிய டப்பா போலிருந்தது. வாயாடி தன் வழக்கமான வரியோடு தொடங்கினாள்: "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்தேன்னு என்னை யாரும் கேக்க முடியாது. என்கிட்ட பதில் இருக்கு." கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சிரிப்பு முழுதாக வந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் வரிசை. சாம்பல் உடுப்பு. நீல மாஸ்க். எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருக்க, அந்த நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அந்தப் பெண் தலையைச் சற்று சாய்த்தாள். வாயாடியின் பேச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் உதடு அவள் சொல்லைக் கேட்கவில்லை. உதடு குவிந்தது. கைக்குழந்தையைக் கொஞ்சும்போது குவியுமே, அப்படி. ஒருமுறை. இன்னொருமுறை. அவளுடைய கண் மட்டும்தான் அவளுடையது, அது பயத்தில் விரிந்திருந்தது. அதற்குக் கீழே அந்த முகம் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தது. ஜனங்கள் என்ன நினைத்தார்களோ, கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது அவள் முண்டியடித்து மூன்றாம் வரிசைக்குப் போனாள். நாற்காலி காலி. அங்கே ஒரு வாசனை மட்டும் நின்றது. புது ரப்பரும் முகப் பவுடரும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. எங்கேயோ முகர்ந்தது. எங்கே?

வீட்டிலும் அது தொடங்கியது. ஒரு மாலை குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். முகம் திடீரென்று மலர்ந்தது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தெருவிளக்குக்குக் கீழே யாரும் இல்லை. விளக்கு படாத இடத்தில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே, சின்னதாக ஒரு நீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சுவருக்குப் பின்னால் போனது.

"அம்மா, இந்தச் சிரிப்பு நல்லா இருக்கு" என்றாள் குட்டி. "எப்பவும் இந்த அம்மாவாவே இரு."

வாயாடி ஜன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். பிறகு அதை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அந்த வாசனை எங்கே முகர்ந்தது என்பது மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்று நினைவுக்கு வந்தது. டீச்சரின் பெட்டி. பெட்டிக்கு அந்த வாசனை வந்த இடம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், செயற்கைக் கை, காது, மூக்கெல்லாம் செய்யும் அறை. ஆக, அந்த மாஸ்க்காரி அங்கே வேலை பார்ப்பவளாக இருக்க வேண்டும்! வாயாடிக்குப் பாதி உயிர் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று படியிறங்கினாள்.

அறையில் அச்சுக்காரர் ஒருவர்தான் இருந்தார். மேசை விளக்கின் கீழே ஒரு காதுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க வேலை செய்யுற பொம்பளை யாராவது எங்க கூட்டத்துக்கெல்லாம் வராங்களா அண்ணே?"

"பொம்பளையா? இங்க நான் ஒருத்தன்தாம்மா. நானும் இந்தக் காது மூக்கும்தான். பேசினா கேட்டுக்கும், பதில் சொல்லாது. அதனால வீட்டை விட இங்க நிம்மதி." சிரித்தவர், அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "ஏன்?"

"டீச்சர் பெட்டில ஒரு முகம் இருக்கே. அதை மாதிரிக்குன்னே செஞ்சீங்களா?"

"மாதிரிக்குன்னு தனியா எங்க செய்யறது? உடம்பு காத்திருக்கும், வீட்டுக்காரங்க காத்திருப்பாங்க, நேரமே இருக்காது. ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு எப்பவும் ரெண்டா வார்ப்போம். நல்லா வந்தது உடம்போட போகும். மத்ததை வெட்டிப் போட்டுரணும். அது ஒண்ணு மட்டும் டீச்சர் வேணும்னு…"

"அது யாரோட அச்சு?"

அச்சுக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், உடனே பார்வையைத் தரைக்கு இறக்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அதை நீ அவங்களையே கேட்டுக்கோம்மா" என்றார்.

டீச்சரை அவள் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தாள். பெட்டி பின்சீட்டில் இருந்தது. கேட்காமலே கதவைத் திறந்து, துணியை விலக்கி, முதல்முறையாக அதை நேருக்கு நேர் பார்த்தாள். எலும்பு வேறானதால் இத்தனை நாள் யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் மூக்கின் நுனியும், மேலுதட்டின் மேடும், கன்னத்தில் லேசாகக் குழிந்த அந்த இடமும் அவள் தினமும் கண்ணாடியில் 'ஈ', 'ஊ' சொல்லிக் கொடுத்த சதைதான்.

"இதை என் பக்கத்துல வெச்சுக்கிட்டே ஊர் ஊரா என்னைக் கூட்டிட்டுப் போனீங்களா டீச்சர்?"

"சத்தம் போடாதே. உள்ள உக்காரு." டீச்சரின் குரலில் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அந்தத் தோரணை இல்லை. "வெட்ட மனசு வரல. அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு."

வாயாடிக்கு ஒரு நொடி எதுவும் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. "நல்லா வந்ததுதானே உடம்போட போகணும்?"

டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். "முதல் வார்ப்புல வாயோரமா பெரிய காத்துக்குமிழி. ரெண்டாவதுதான் சுத்தமா வந்தது. மறுநாள் பெரிய கூட்டம். ஓட்டை விழுந்த முகத்தைக் காட்டினா யாரு சம்மதிப்பாங்க, சொல்லு? செத்தவங்களைப் பாக்கறது ஒரு மணி நேரம். இதைப் பாத்துச் சம்மதிச்சவங்களால எத்தனை பேருக்குக் கை வந்திருக்கு! நல்லதுக்குன்னுதான் மாத்தி எடுத்துக்கிட்டேன்."

"அவங்க வீட்ல?"

"அவ அம்மா, இது என் பொண்ணு இல்ல, இது என் பொண்ணு இல்லன்னு சொல்லிட்டே இருந்தாங்க. துக்கத்துல சொல்றாங்கன்னு எல்லாரும் விட்டுட்டாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கைக்குழந்தை ஒண்ணு இருந்துச்சு. முத்தம் குடுக்கச் சொல்லிப் பக்கத்துல கொண்டுவந்தாங்க. அது பாத்துட்டு வீறிட்டுக் கத்துச்சு. அப்புறம் துணியைப் போட்டு மூடிட்டாங்க."

வாயாடிக்கு அழுகை வந்தது. அந்தக் கத்தல் எப்படி இருந்திருக்கும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும். "தினமும் மைக்கைப் பிடிச்சு என்ன சொல்றீங்க? அச்சு அசலா ஒண்ணு வெச்சு அனுப்புவோம்னுதானே? அதை நம்பித்தானே அவங்க எனக்கு முகம் குடுத்தாங்க? பாவம் டீச்சர். பாவம். மரியாதையா இதைக் கொண்டுபோய் அவங்ககிட்டச் சேருங்க."

"நாளைக்கு ஒரு கூட்டம் ஒத்துக்கிட்டிருக்கேன். அது முடிஞ்சதும் நானே அந்த வீட்டுக்குப் போய், கால்ல விழுந்து குடுத்துட்டு வரேன். இது சத்தியம்."

மறுநாள் மாலை, ஒரு நூலகத்தின் அரங்கம். வாயாடி பேசவில்லை, தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கொடுத்தவளே அவள் என்று புரிந்துவிட்டதால், இன்றைக்கு அவளைப் பார்த்தபோது பயத்தோடு கூடவே இரக்கமும் வந்தது. டீச்சர் அவளைப் பார்த்ததாகவே தெரியவில்லை. மாதிரி முகம் முன்வரிசையில் தொடங்கியது, இரண்டாம் வரிசைக்குப் போனது, மூன்றாம் வரிசையில் நுழைந்தது.

வெளியே வரவில்லை.

"யாருங்க கைல இருக்கு? பாத்தாச்சுன்னா குடுத்துருங்க" என்று டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார்கள். மூன்றாம் வரிசையின் நடுநாற்காலி காலியாக இருந்தது. அங்கே யாரும் உட்காரவே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சாதித்தார். டீச்சர் திருட்டுப் போய்விட்டதென்று கையைப் பிசைந்தார். வாயாடிக்கோ தலைப்பாரம் இறங்கியது போலிருந்தது. உடையவள் வந்து தன் பொருளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இனி ஏன் வரப்போகிறாள்? நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இருட்டத் தொடங்கியிருந்ததால் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துப் பார்த்தாள். இடது பக்கம் வந்தது. வலது பக்கம் தாமதமாக, கோணலாக வந்து சேர்ந்தது. 'அப்பாடா' என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கோணல் சிரிப்பின் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குப் போனதும் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த அம்மாதான் உன் அம்மா, கோணலோ மாணலோ இவள்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

கணவனுக்கு இரவு வரை வேலை. குட்டி எதிர்வீட்டு அக்காவிடம் இருப்பாள். வாயாடி மாடிப்படி ஏறினாள். வராந்தா பல்பு ஒரு வாரமாகவே உயிரைப் பிடித்துக்கொண்டு மினுக்கிக்கொண்டிருந்தது. முதல் மாடியில் யாரோ துணி துவைக்கும் சோப்பு வாசனை. இரண்டாம் மாடியில் எங்கோ டிவி சத்தம்.

மூன்றாம் மாடிப் படியில் காலை வைத்ததும் இடது கன்னம் அசைந்தது.

நின்றாள். கையால் அழுத்திப் பிடித்தாள். இன்னொரு படி. வலது கன்னமும் ஏறியது. இல்லை. வேண்டாம். கீழே இறங்கினாள், இறங்கியது. ஏறினாள், ஏறியது. பிறகு அவள் ஓடினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டும்போது முகம் முழுதாக மலர்ந்திருந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "என்னடி, திரும்பவும்? எதையாவது விட்டுட்டுப் போனியா?"

"குட்டி எங்கக்கா?" சிரித்த வாயிலிருந்து சொல் நசுங்கி வந்தது.

"இப்பதானே வந்து கூட்டிட்டுப் போனே?" அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உடுப்பு மாத்திட்டியா? ஒரு வார்த்தை பேசல, நான் தொண்டை கட்டிருக்குன்னு நினைச்சேன். ஆனா சிரிச்சே பாரு! பளபளன்னு, கண்ணு பட்டுடும் போல. குட்டி ஓடிவந்து உன் கழுத்தைக் கட்டிக்கிச்சு, விடவே இல்லையே."

வாயாடி திரும்பினாள்.

அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. உள்ளே விளக்கு எரியவில்லை. கதவிடுக்கில் புது ரப்பர், பவுடர், ஸ்பிரிட். அப்பால் குட்டி சிரிக்கும் சத்தம். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

தள்ளினாள். கதவு திறந்தது.

படுக்கையறை. ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு. கட்டிலில் சாம்பல் உடுப்பு, முதுகு இந்தப் பக்கம். மடியில் குட்டி. தலையணை மேல் கழற்றிப் போட்ட நீல மாஸ்க்.

குட்டி என்று கூப்பிடப் பார்த்தாள். உதடு குவியவில்லை. அலறப் பார்த்தாள். வெறும் மூச்சு வந்தது. முகம் சிரித்துக்கொண்டே இருந்தது, தாயைக் கண்ட குழந்தைபோல.

அந்தப் பெண் திரும்பினாள். நல்ல வார்ப்பு. சுத்தமான வார்ப்பு. தெருவிளக்கில் பளபளத்தது. அவள் கையைத் தூக்கினாள். விரல் காதோரம் போனது. பிசின் விடும் மெல்லிய சத்தம். மெதுவாக, வலிக்காமல், மேலிருந்து கீழாக உரித்தாள்.

உள்ளே இருந்ததை வாயாடி ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். இரண்டு வருடம். கண்ணாடியில்.

குட்டி இப்போது அழுவாள். வீறிடுவாள். என்னைப் பார்த்து அப்படித்தானே அழுதாள். அழு. அழுடி என் கண்ணே, அழு.

குட்டி அழவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மூக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தை ஒரு விரலால் தொட்டாள். பிறகு எக்கி, அங்கே ஒரு முத்தம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லையே. அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள், ஒரு தடவை, எனக்குக் கொடுக்கவில்லையே.

அந்தப் பெண் உரித்ததைக் குழந்தையின் கையில் கொடுத்து, வாசலில் நின்றவளைக் காட்டினாள்.

வாயாடியின் காதுக்குக் கீழே, தையல் போட்ட கோட்டில், அரிப்பெடுத்தது. ஈரமாக இருந்தது. காது முதல் தாடை வரை ஏதோ ஒன்று நெகிழ்ந்து, இலேசாகி, காற்று புகுந்தது. காலை எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை.

குட்டி கட்டிலிலிருந்து இறங்கினாள். நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாமல் கொண்டுவருவது போல அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். அருகில் வந்ததும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள்.

"அம்மா, இது உனக்காம்."

அவளுக்குப் பின்னால் அந்தப் பெண் கட்டிலை விட்டு எழுந்து, எதையோ பத்திரமாக வாங்கிக்கொள்ளப் போகிறவளைப் போல, இரண்டு கைகளையும் நீட்டியபடி வந்துகொண்டிருந்தாள்.